இந்த மருந்தைக் கொடுக்கலாமா? கால்நடை வளர்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

மருந்து, தடுப்பூசி, தொற்றுநோய் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் “இந்த மாத்திரை கொடுக்கலாமா?” என்ற ஒரே கேள்விதான். எந்த விலங்கு, எத்தனை கிலோ, கறவையா சினையா என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த விவரம் இல்லாமல் எந்த மருந்துக்கும் பதில் கிடையாது. விவரம் எழுதியவர்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: நான்கு கிலோ பூனை, உடம்பு சுடுகிறது. பிள்ளைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் அரை ஸ்பூன் கொடுக்கலாமா?

கூடாது அம்மா. கால் ஸ்பூனும் கூடாது. நம் கல்லீரல் பாராசிட்டமாலை நச்சு நீக்கி வெளியேற்றப் பயன்படுத்தும் முக்கியமான நொதி பூனைக்குச் சரியாக இல்லை. அதற்கான மரபணுவே பூனை இனத்தில் பழுதாகிவிட்டது. உடலில் தங்கிய மருந்து சிவப்பணுக்களைத் தாக்கி, பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. ஈறு பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ போகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஊசியில் ரத்தம் எடுத்தால் சாக்லேட் நிறத்தில் வரும். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். தெரியாமல் கொடுத்துவிட்டவர்கள் காத்திருக்க வேண்டாம். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு, முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் நல்ல பலன்.

இன்னொன்று, பூனையின் இயல்பான உடல் வெப்பமே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நம் கைக்குச் சுடத்தான் செய்யும். வெப்பமானி வைத்துப் பார்க்காமல் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள்.

அவரே: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனையின் கழுத்தில் விடலாமா?

பெட்டியில் பெர்மெத்ரின் என்று இருந்தால் விடவே கூடாது. பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். பூனைக்கென்று தனியாகச் சொட்டு மருந்து கிடைக்கிறது.

தேனியிலிருந்து ஒரு தம்பி: நாய்க்குச் சொறி. மாட்டுக்குப் போட்ட ஐவர்மெக்டின் ஊசி மருந்து மீதி இருக்கிறது. ஊரில் எல்லாரும் போடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள்.

ஊரில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான நாய்கள் இந்த மருந்தை நிறையவே தாங்கும். தாங்காத நாய்தான் சிக்கல். மாட்டு மருந்தின் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. 50 கிலோ மாட்டு எடைக்கு ஒரு மில்லி என்பது கணக்கு. அந்த ஒரு மில்லியைப் பத்துக் கிலோ நாய்க்குப் போட்டால் மாட்டு அளவைப் போல ஐந்து மடங்கு. இதயப்புழு வராமல் தடுக்க நாய்களுக்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் நூற்றைம்பது மடங்குக்கும் மேல்.

மருந்து மூளைக்குள் புகாமல் வெளியே தள்ளும் ஒரு புரதம் உண்டு. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு அந்தப் புரதத்தின் மரபணு பழுது. இதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட நாய்க்குக் கண்மணி விரியும், நடை தள்ளாடும், கண் தெரியாமல் போகும், பிறகு நினைவு தப்பும். நேரடி முறிமருந்து கிடையாது. கலப்பின நாயின் முன்னோர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா? சொறியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, எந்தப் பூச்சி என்று தெரிந்துகொண்டு மருந்து கேளுங்கள். அஃபாக்ஸோலனர், ஃப்ளூரலனர் வகை மாத்திரைகள் இப்போது இருக்கின்றன. நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த வகைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் வலிப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

ஈரோட்டிலிருந்து: டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டால் மாடு மறுநாளே எழுந்து நிற்கும். அதை ஏன் ஐயா தடை செய்தார்கள்? மாட்டுக்குக் கெடுதலா?

மாட்டுக்கு அவ்வளவாகக் கெடுதல் இல்லை. செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுக்குத்தான் எமன்.

1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் கழுத்து தொங்கி உட்கார்ந்து, மரத்திலிருந்து விழுந்து செத்தன. ஏதோ புதிய தொற்றுநோய் என்றுதான் எல்லாரும் முதலில் எண்ணினார்கள். வருடக்கணக்கில் வைரஸைத் தேடினார்கள். பாகிஸ்தான் பஞ்சாபில் அமெரிக்க ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் குழு செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, ஈரல் மீதும் இதயத்தின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. அப்படிச் செத்த பறவைகளின் சிறுநீரகங்களில் டைக்ளோஃபெனாக் இருந்தது. முடிவுகள் 2004இல் வெளிவந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 சதவீதம் அழிந்துபோயிருந்தது. இத்தனை அழிவுக்கு, நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு சடலத்தைப் பெருங்கூட்டமாகச் சேர்ந்து தின்னும் பறவை அது.

2006இல் கால்நடை டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. உடனே மனிதருக்கான 30 மில்லி பாட்டில் மாட்டுத் தொழுவத்துக்கு வந்தது. 2015இல் அதையும் 3 மில்லியாகக் குறைத்தார்கள். பிறகு அசெக்லோஃபெனாக் வந்தது. அது மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. அதற்கும், பாறுகளைக் கொல்லும் இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபெனுக்கும் 2023இல் தடை வந்தது. பெயரை மாற்றி மாற்றி அதே வேலையைச் செய்வதில் நம் சந்தைக்கு ஈடு இல்லை.

உங்கள் மாவட்டத்துக்கு இது தூரத்துக் கதை அல்ல. சத்தியமங்கலம், நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில்தான் தென்னிந்தியப் பாறுகளின் முக்கியமான கூடுகள் இருக்கின்றன. மெலாக்சிகாம் கேளுங்கள். பாறுகளுக்கே கொடுத்துச் சோதித்துப் பாதுகாப்பானது என்று உறுதிசெய்த மருந்து. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் நன்றாகவே கேட்கும்.

திருவண்ணாமலையிலிருந்து: மடிநோய்க்கு ஒரு காம்பில் மட்டும்தான் மருந்து ஏற்றினார்கள். மற்ற மூன்று காம்புகளின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாமா? காய்ச்சினால் மருந்து போய்விடாதா?

ஊற்றக் கூடாது. ஒரு காம்பில் ஏற்றிய மருந்து ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வரும். காய்ச்சினாலும் பெனிசிலின் முழுதாகப் போகாது. அந்தப் பாலுக்கு உறை ஊற்றிப் பாருங்கள். பல சமயம் தயிர் தோயாமல் திரிதிரியாக நிற்கும். மாட்டுக் கிருமியைக் கொல்லும் மருந்து தயிர்க் கிருமியை விட்டுவைக்குமா? ஆனால் தயிர் தோய்ந்ததை வைத்துப் பால் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். பெட்டியில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் பாலைக் கீழே ஊற்றுங்கள். கன்றுக்கும் வேண்டாம்.

மடி லேசாகக் கல்லாகும்போதே கவனித்தால், தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்திப் பரப்பிய பூச்சு இருக்கிறது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, தண்ணீர் விட்டு இளக்கி மடி முழுதும் பூசுவது. மாடு காய்ச்சலில் தீவனம் எடுக்காமல் நின்றால் மருத்துவரை அழையுங்கள், கற்றாழையை நம்பி இரண்டு நாள் ஓட்டாதீர்கள்.

சேலத்திலிருந்து: தோல் கழலை நோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டும் கட்டி போகவில்லை.

போகாது. அது வைரஸ், அம்மை இனம். ஆன்டிபயாடிக் போடுவது புண்ணில் சீழ் பிடிக்காமலும் நுரையீரலில் சளி கட்டாமலும் இருக்கத்தான். இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் தென்பட்டு, 2022இல் ராஜஸ்தானையும் குஜராத்தையும் உலுக்கிய நோய் இது. ஆட்டம்மைத் தடுப்பூசியையே மாட்டுக்கும் போடுகிறோம், இரண்டும் நெருங்கிய உறவு வைரஸ்கள். நோய் கண்ட மாட்டுக்கு அதைப் போடாதீர்கள். மற்ற மாடுகளுக்குப் போடும்போது ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு புது ஊசி முனை என்று கறாராகக் கேளுங்கள். மனிதருக்கு ஒட்டாது.

கடலூரிலிருந்து: கன்று வீச்சு (புருசெல்லோசிஸ்) தடுப்பூசியை ஆண் கன்றுக்கும் போடச் சொன்னேன், மருத்துவர் மறுத்துவிட்டார்.

சரியாகத்தான் செய்தார். அது உயிருள்ள கிருமி. நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்கு மட்டும். காளைக்குப் போட்டால் விதைப்பையில் தொற்று வரலாம், சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசலாம்.

கோவையிலிருந்து: இரண்டு தடுப்பூசி போட்டும் மூன்று மாத நாய்க்குட்டி பார்வோ வைரஸ் கழிச்சலில் போய்விட்டது. ஊசி போலியா?

வருத்தமாக இருக்கிறது. போலியாக இருக்க வேண்டியதில்லை. சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியையும் அது அழித்துவிடும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் பதினாறு வாரம் தாண்டி ஒரு ஊசி கட்டாயம் என்கிறோம். பார்வோ மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ப்ளீச்சிங் கரைசல் போட்டுத் தரையைக் கழுவுங்கள், அடுத்த குட்டிக்கு ஊசி முடியும்வரை அந்த முற்றத்தில் விடாதீர்கள்.

விருதுநகரிலிருந்து: எங்கள் மாடு வெறிநோயில் செத்தது. முந்தின நாள்வரை பாலைக் காய்ச்சிக் குடித்தோம். எல்லாரும் ஊசி போட வேண்டுமா?

காய்ச்சிய பாலில் வைரஸ் பிழைக்காது, அதற்காகப் பயம் வேண்டாம். நான் கேட்பது வேறு. வெறிநோய் வந்த மாடு எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்தும். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று யாராவது வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார்களா? மருந்து புகட்டியது யார்? அவர்கள் கையில் சிறு கீறல் இருந்திருந்தாலும் இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி, தடுப்பூசியைத் தொடங்கட்டும். உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.