டயரில் அச்சிட்ட எண் வரை காற்றடிக்க வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பத்தில் உள்ள அலுவலகத்துக்கு கியர் சைக்கிளில் சென்று வருகிறேன். டயரில் ‘700 × 35சி, 45–70 பி.எஸ்.ஐ.’ என்று அச்சிடப்பட்டுள்ளது. என் எடை 78 கிலோ. பின் கேரியரில் 6 கிலோ பை இருக்கும். கடைக்காரர் இரண்டு டயர்களுக்கும் 70 வரை அடித்துவிடுகிறார், கை மரத்துப்போகிறது. நண்பர்களோ வெயில் காலத்தில் காற்றைக் குறைக்காவிட்டால் டயர் வெடிக்கும் என்கிறார்கள். சரியான அளவு எது? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிளுக்கும் இதே அளவுதானா?

பதில்: பின் டயருக்கு 60, முன் டயருக்கு 48 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று வைத்துத் தொடங்குங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் 70 என்பது அதற்கு மேல் போகக் கூடாது என்னும் வரம்பே தவிர, அங்கே போய்ச் சேர வேண்டும் என்னும் இலக்கு அல்ல. ஐம்பது கிலோ எடையுள்ளவரும் நூறு கிலோ எடையுள்ளவரும் அதே டயரைத்தான் வாங்குகிறார்கள் என்பதால், இருவருக்கும் பொருந்தும் ஒற்றை எண்ணை உற்பத்தியாளரால் அச்சிட முடியாது.

இந்த அளவுகளுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எடை, பை, சைக்கிளின் எடை ஏறக்குறைய 14 கிலோ எல்லாம் சேர்ந்து 98 கிலோ ஆகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில், பையும் பின்னால் இருக்கும்போது, இதில் ஐந்தில் மூன்று பங்காவது பின்சக்கரத்தில் இறங்குகிறது. அதாவது பின்னால் 59 கிலோவும் முன்னால் 39 கிலோவும். இருபது கிலோ வேறுபாட்டைச் சுமக்கும் இரண்டு டயர்களுக்கு ஒரே அளவு காற்றடிப்பதில் நியாயம் இல்லை. உங்கள் கை மரத்துப்போவதற்கு முன் டயரின் மிகைக் காற்று முக்கியக் காரணமாக இருக்கலாம்.

சுமை ஏறும்போது டயர் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல கணக்கு உண்டு. அமெரிக்கச் சைக்கிள் தொழில்நுட்ப எழுத்தாளர் ஃப்ராங்க் பெர்ட்டோ பரவலாக்கிய அந்தக் கணக்கின்படி, டயரின் உயரத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு அமுங்கினால் ஓட்டமும் சொகுசும் ஒத்துப்போகின்றன. உங்கள் 35 மில்லிமீட்டர் டயருக்கு இது 5 மில்லிமீட்டர். ரிம்மின் ஓரத்திலிருந்து தரை வரை உள்ள உயரத்தைச் சைக்கிள் சும்மா நிற்கும்போது ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். பிறகு பையை மாட்டி, சுவரைப் பிடித்தபடி, வழக்கம்போல் ஏறி உட்கார்ந்து, வீட்டில் ஒருவரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வேறுபாடு 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் காற்று அதிகம். 7-ஐத் தாண்டினால் குறைவு. இரண்டு சக்கரங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். காற்றழுத்த மானியில் தெரியும் எண்ணைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன், ஏனெனில் ஒரு மானி காட்டும் அளவை இன்னொரு மானி காட்டுவதில்லை.

கல்லாக இறுகிய டயர்தான் வேகமாக ஓடும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வழவழப்பான உருளையின் மேல் டயரை ஓட்டிப் பார்க்கும் சோதனையில் அது உண்மைதான். ஆனால் நீங்கள் போகும் வழியில் புதுத் தார் போட்ட இடமும் உண்டு, ஒட்டுப்போட்ட இடமும் உண்டு, வேகத்தடைகளும் உண்டு. அங்கெல்லாம் இறுகிய டயர் சிறு மேடுகளை உள்வாங்காமல் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. அப்படித் தூக்குவதற்குச் செலவாவது உங்கள் காலின் உழைப்பு. ஓர் அளவுக்கு மேல் காற்றைக் கூட்டினால் வேகம் குறையத்தான் செய்யும்.

அதற்காக மிகவும் குறைத்துவிடவும் கூடாது. பெண்ணையாற்றுப் பாலத்திலும் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்திலும் உள்ள இணைப்புகளின் மேல் காற்றுக் குறைந்த பின்சக்கரம் வேகமாக ஏறினால், ரிம்முக்கும் இணைப்பின் விளிம்புக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் விழும். பஞ்சர் ஒட்டும்போது இந்த இரட்டை ஓட்டையைக் கண்டால் முள்ளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். காற்றை 5 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். ஒற்றை ஓட்டை என்றால் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளோ கண்ணாடித் துண்டோதான்; அது காற்றின் அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

வெயிலைப் பற்றிய அச்சத்துக்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. காலையில் 30 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. அடித்த டயர், நண்பகலில் 50 டிகிரி வரை சூடானாலும் உள்ளே அழுத்தம் 65-ஐத்தான் தொடும். நல்ல நிலையில் உள்ள டயர் இதற்கு வெடிக்காது. வெயிலில் நின்ற சைக்கிளின் டயர் வெடித்தால், பக்கவாட்டு நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்ததா, டயரை மாட்டும்போது டியூப் விளிம்புக்கடியில் சிக்கியிருந்ததா என்று பாருங்கள். வரம்பான 70-ஐயே காலையில் அடித்துவிடுவதுதான் வெயிலுக்கு இடமில்லாமல் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடிமானத்துக்காக இரண்டு டயர்களிலும் 3 பி.எஸ்.ஐ. குறைத்துக்கொள்ளலாம்.

இந்த எண்களை நண்பர்களுக்கு அப்படியே சொல்லிவிட வேண்டாம். உங்கள் எடையே உள்ளவர் 25 மில்லிமீட்டர் பந்தய டயரில் ஓட்டினால் பின்னால் 90 வரை தேவைப்படலாம், 2.1 அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 35 அல்லது 40 போதும்.

பெட்ரோல் பங்கில் காற்றடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. கார் டயருக்கான கம்ப்ரசர் சைக்கிள் டியூபைச் சில நொடிகளில் நிரப்பிவிடும். நிறுத்துவதற்குள் அளவு தாண்டிவிடும். மானி பொருத்திய, நின்றபடி அடிக்கும் பம்பு ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை அடியுங்கள். பம்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று போவது பெரும்பாலும் பம்புக் குழாயில் நின்ற காற்று. அதை ஈடுகட்ட என்று கூடுதலாக அடிக்க வேண்டியதில்லை.

மகளின் சைக்கிளுக்கு வருகிறேன். அத்தகைய சைக்கிள்களில் பெரும்பாலும் வால்வு டியூப் என்னும் சிறு ரப்பர்க் குழாய் மாட்டிய பழைய வகை வால்வுதான் இருக்கும். அதில் அழுத்திக் காற்றை விடும் நடு ஊசி இல்லாததால் சாதாரண மானி வேலை செய்யாது. பம்பில் உள்ள மானியும் அந்த ரப்பரைத் தள்ளித் திறக்கும் அழுத்தத்தைச் சேர்த்து உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். எனவே அங்கே அளவுகோல்தான் மானி: புத்தகப் பையோடு அவர் உட்கார்ந்த நிலையில் பின் டயர் 5 அல்லது 6 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். உங்களைவிட எடை குறைந்தவர் என்பதால் உங்கள் அளவை அதற்கு அடிக்க வேண்டாம். இரண்டு நாளில் காற்று இறங்கிவிடுகிறது, ஆனால் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் டியூபில் ஓட்டை இல்லை என்றால், முதலில் அந்த வால்வு டியூபை மாற்றுங்கள். ரப்பர் வெடித்துப் போனதை விரலால் நீட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.