கம்மி பட்ஜெட்ல லேப்டாப், கொஞ்சம் கேமும் ஓடணும்: உங்க கேள்விக்கு என் பதில்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ண்டு நம்ம பக்கத்து ஆளுக கேட்டதுல முக்கியமானத எடுத்து ஒரே எடத்துல பதில் சொல்லிருக்கேன். எல்லாரும் மொதல்ல கேக்குறது இன்டெல் ஐ5 சிப்பா ஏஎம்டி ரைஸன் 5 சிப்பாண்டு தான், ஆனா அந்த ஸ்டிக்கர் பாதி விசயத்த கூட சொல்லாது, முழு மாடல் நம்பரையும் ரேம் எப்படி போட்ருக்காய்ங்கண்டும் பாக்காம யாரும் காசு குடுக்காதீங்க.

காரைக்குடி, இஞ்சினியரிங் முதல் வருசம்: அண்ணே, வீட்ல 45,000 தான் தருவாங்க. கோடிங் பண்ணணும், நைட்டு வேலரண்ட் வெளாடணும். கடையில ரைஸன் 5 7520யூ தான் புது சீரிஸ்ண்டு எடுக்க சொல்றாய்ங்க, எடுக்கவா?

வேணாம் தம்பி. முன்னாடி நிக்கிற 7ஐ பாத்து முடிவு பண்ணாத. இந்த சீரிஸ்ல மூணாவது நம்பர் தான் உள்ள இருக்குற சிப்பு எந்த தலைமுறைண்டு சொல்லும். 7520ல அது 2, அதாவது ஜென் 2, 2019ல வந்த டிசைன், அதுலயும் 4 கோர் (வேலை பாக்குற மூளை) தான். கிராபிக்ஸ் (கேம் படத்த வரையிற பகுதி) 610எம், அதுக்குள்ள 2 யூனிட் தான் இருக்கு. இதே ரைஸன் 5 பேர்ல 7530யூண்டு ஒண்ணு வருது, அது ஜென் 3, 6 கோர், வேகா கிராபிக்ஸ் 7 யூனிட். பக்கத்துல பக்கத்துல வச்சா ஸ்டிக்கர் ஒண்ணு போல தான் இருக்கும், கேம ஓட்டிப்பாத்தா தான் தெரியும். இன்னொண்ணு, 7520யூல ரேம மதர்போர்டோட ஒட்டி தான் குடுப்பாய்ங்க, 8 ஜிபி வாங்குனா கடைசி வரைக்கும் 8 தான். வேலரண்டுக்கு 7530யூவே தாராளம். விண்டோஸ் 11ல அந்த கேமுக்கு செக்யூர் பூட், டிபிஎம் 2.0ங்கிற ரெண்டு பாதுகாப்பு வசதியும் ஆன்ல இருக்கணும், புது மெசின்ல அது ஏற்கனவே ஆன் ஆகி தான் வரும்.

கோட்டையூர், பிகாம்: 8 ஜிபி ரேம் போதுமாண்ணே? டேலியும் ஓட்டணும், பழைய ஜிடிஏ கேமும் ஓட்டணும்.

டேலிக்கு 8 போதும், கேமுக்கு தான் இடிக்கும். எத்தன ஜிபிங்கிறத விட எத்தன குச்சியா, அதாவது எத்தன ரேம் பட்டையா போட்ருக்குங்கிறது தான் பெரிய விசயம், இத கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்றாங்க. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல கிராபிக்ஸும் அந்த ரேம தான் பங்கு போட்டு எடுத்துக்கும். கண்மாயில எவ்வளவு தண்ணி கெடந்தாலும் ஒரு மடைய மட்டும் தொறந்தா வயலுக்கு பாதி தான பாயும், அதே கத தான், ஒரே 8 ஜிபி குச்சிய போட்டு விக்கிற மெசின்ல கிராபிக்ஸ் தண்ணிக்கு காத்துக்கிட்டே கெடக்கும். இன்டெல் ஐ5-1235யூ மாதிரி சிப்புல ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ்ண்டு போட்டு விப்பாய்ங்க, ஆனா ஒத்த குச்சி இருந்தா விண்டோஸே அத வெறும் யூஎச்டிண்டு தான் காட்டும், ரெண்டாவது குச்சி சொருகுனதுக்கு அப்புறம் தான் ஐரிஸ் எக்ஸ்இண்டு மாறும். அதனால வாங்குறப்பவே ரேம் சொருக காலி ஸ்லாட் இருக்காண்டு கேளு. கடையில ஓடிக்கிட்டு இருக்குற மெசின்லயே டாஸ்க் மேனேஜர தொறந்து மெமரி பக்கத்துல பாத்தா எத்தன ஸ்லாட்டு, எத்தன ரொம்பிருக்குண்டு இருக்கும். ரெண்டாவது குச்சி வாங்கப்போறப்ப டிடிஆர்4 வகையா டிடிஆர்5 வகையாண்டு பாத்து வாங்கு, ஒண்ணுல ஒண்ணு சொருகாது. ரேம் வெலை இப்ப ஏறி கெடக்கு, அதனால 16 ஜிபியாவே வர்ற மெசினோட வெலையையும் கூட்டி கழிச்சு பாத்துக்க.

பழைய ஜிடிஏன்னா சான் ஆண்ட்ரியாஸ் எதுலயும் பறக்கும். 5ஆவது பாகம் செட்டிங்ஸ கொறச்சு 720பில (கொறஞ்ச தெளிவு) வச்சா 7530யூல இருக்க வேகா 7ல வெளாடலாம்.

புதுவயல்: மாடல் நம்பர் கடைசியில எச் போட்ட சிப்பு தான் கேமுக்குண்டு பிரண்டு சொல்றான், ஐ5-12450எச் எடுக்கலாமா?

தனி கிராபிக்ஸ் கார்டோட வந்தா எடு. கார்டு இல்லாம வந்தா கேமுக்கு அது சரி வராது, 12450எச்ல உள்ளடங்குன கிராபிக்ஸ் இன்டெல் கணக்குல 48 யூனிட் தான், யூ போட்ட 1235யூல 80 இருக்கு.

பள்ளத்தூர், ஒரு ஆச்சி: தம்பி, எனக்கு கேம் கீம் எல்லாம் வேணாம்ப்பா. சிங்கப்பூர்ல இருக்க மகன் கூட வீடியோல பேசணும், பேங்க் கணக்கு பாக்கணும், தமிழ்ல நாலு வரி அடிக்கணும். 20,000க்கு ஒண்ணு இருக்குங்குறாக, வாங்கலாமா?

ஆச்சி, அந்த வெலையில வர்றது பெரும்பாலும் செலரான் சிப்பு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான சேமிப்பு) தான். விண்டோஸ் 11க்கு கொறஞ்சது வேணும்ங்கிறதே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி எடமும் தான், அப்ப ஒரு அப்டேட் வந்தாலே எடம் ரொம்பிரும், நீங்க மகன்கூட பேசுறப்ப படம் நின்னு நின்னு வரும். இன்னும் கொஞ்சம் காசு போட்டு ஐ3-1215யூ, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்குறதா எடுங்க, வருசக்கணக்குல கவலப்பட வேணாம். தமிழுக்கு தனியா எதுவும் வாங்க வேண்டியதில்ல, விண்டோஸ்லயே தமிழ்99 கீபோர்டு இருக்கு, லாங்குவேஜ் செட்டிங்ஸ்ல போயி சேத்துக்கிடலாம்.

தேவகோட்டை: 65,000 வரைக்கும் போவேன் மாப்ள. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 2050ஆ 3050ஆ?

3050 தான் மாப்ள. ரெண்டும் 4 ஜிபிண்டு போட்ருந்தாலும் 2050ல மெமரி பஸ், அதாவது டேட்டா போற பாதை 64 பிட், 4 ஜிபி 3050ல 128 பிட். ஆனா 3050லயும் எத்தன வாட்டுண்டு பாரு, 35 வாட்டுலயும் வருது 80 வாட்டுலயும் வருது, வாட்டு கம்மினா வேகமும் கம்மி, மெல்லிசான லேப்டாப்புன்னா கம்மியா தான் குடுப்பாய்ங்க. கடையில கேட்டா முழிப்பாய்ங்க, கம்பெனி சைட்டுல ஸ்பெக் பக்கத்துல இருக்கும். சித்திரை வெயில்ல வெளாண்டா எப்படியும் சூடாகும், கேம் செட்டிங்ஸ்ல பிரேம (செகண்டுக்கு வர்ற படம்) 60க்கு பூட்டி வச்சுக்க, பாதி சூடு கொறஞ்சாப்ல இருக்கும். ஆத்தங்குடிக் கல்லு தரையில வச்சுக்கூட வெளாடு, மெத்தையில மட்டும் வைக்காத, அடியில காத்து போற ஓட்டை அடைஞ்சுரும்.

கானாடுகாத்தான்: எங்க பெரிய வீட்டுல முகப்புல சார்ஜ் போட்டு லேப்டாப்ப தொட்டா சுருக்சுருக்குண்டு இருக்கு. லேப்டாப்பு கோளாறாண்ணே?

பெரும்பாலும் லேப்டாப்பு மேல தப்பு இல்ல, பழைய வயரிங்ல எர்த் இல்லாம இருக்கும். மூணு பின் சார்ஜர ரெண்டு பின் பிளக்குல அடாப்டர் வச்சு சொருகுனா சார்ஜர்லருந்து கசியிற சின்ன கரண்டு போக வழியில்லாம மெட்டல் பாடியில நிக்கும். எலக்ட்ரீசியன கூட்டியாந்து அந்த ஒரு பாயின்டுக்காவது எர்த் இழுத்துருங்க, இத தள்ளிப்போடாதீங்க, சின்னப் புள்ளைக பொழங்குற வீடு.

திருப்பத்தூர்: ஸ்கூல்ல குடுத்த பழைய கவர்மெண்ட் லேப்டாப்பு இருக்கு, தேத்தலாமா?

2011லருந்து குடுத்ததுல ஆரம்ப வருச மெசினா இருந்தா ஹார்டு டிஸ்க்க கழட்டிட்டு சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு போட்டு விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச சிஸ்டத்த ஏத்து, தம்பி தங்கச்சி படிக்க ஆகும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட வழக்கமான அப்டேட் முடிஞ்சுபோச்சு, 11க்கு இன்டெல்லுன்னா 8ஆவது தலைமுறை வேணும். செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் லேப்டாப்பு வாங்குறவங்களும் இதயே பாத்துக்கங்க.

செக்காலை ரோட்டுக்காரர்: ஆன்லைன்லயா கடையிலயா?

வெலை எங்க கம்மியோ அங்க எடுங்க, ஆனா வாரண்டியில ஆன்சைட்ண்டு, அதாவது வீட்டுக்கே வந்து சரி பண்றதுண்டு எழுதியிருக்கணும். இல்லாட்டி ஒரு கீ போனாலும் மதுரைக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கிட்டு அலையணும். ஆன்லைன்ல வாங்குனா பார்சல பிரிக்கிறதுலருந்து ஸ்கிரீன் ஆன் ஆகுற வரைக்கும் போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கங்க.

கேம் பேரு, பட்ஜெட்டு, முழு மாடல் நம்பரு மூணையும் போட்டு கேளுங்க, மிச்சத்துக்கு நாளைக்கு ராத்திரி பதில் சொல்றேன்.