காத்தாடியும் கருடனும்: கேள்வி பதில்

காற்றாலையில், அதாவது நம் ஊர்க் காத்தாடியில், அடிபட்டுச் சாகும் பறவைகளைப் பற்றிப் போன வாரம் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி. அதைப் பிறகு மொத்தமாகக் கவனிக்கிறேன். ஆரல்வாய்மொழி, பணகுடிப் பக்கம் காற்றாலைகளுக்கு அடியில் செத்த பறவை தேடி நடப்பது சில வருடம் என் வேலையாக இருந்தது. அந்த அளவில் தெரிந்ததைச் சொல்கிறேன். நிலக் குத்தகை, மின்கட்டணம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு நான் ஆளில்லை.

வள்ளியூர்: அண்ணாச்சி, பருந்துக்கு அவ்வளவு கூர்மையான கண் என்கிறார்கள். அத்தனை பெரிய காத்தாடி அதற்குத் தெரியாதா?

நல்ல கேள்வி. ஒரு காலையில் காற்றாலைக் கோபுரத்திலிருந்து முப்பது அடி தள்ளி, உடைமுள்ளுக்கு நடுவே ஒரு செம்பருந்து கிடந்தது. ஊரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதுதான். இடது சிறகு தோளோடு இல்லை. வலது காலில் ஒரு வயல் நண்டு, இன்னும் விடாமல் பிடித்திருந்தது. அந்தக் காலைப் பார்த்த பிறகு எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

இரை தேடும் பறவை முன்னால் பார்த்துப் பறப்பதில்லை, கீழே பார்த்துப் பறக்கிறது. பிணந்தின்னிக் கழுகின் பார்வைப் பரப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். தலையைக் குனிந்து தரையைத் தேடும்போது அது போகிற திசையே அதற்குக் குருட்டுப் பகுதியாகிவிடுகிறது. நேர் எதிரே உயரமாக ஒன்று நிற்கும் என்று எதிர்பார்க்கிற கண் இல்லை அது. வானத்தில் அப்படி எதுவும் நின்றதே இல்லையே. அடுத்தது வேகம். தூரத்திலிருந்து காத்தாடியின் இறக்கை சோம்பலாகச் சுற்றுவதுபோலத் தெரியும். நுனியின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தொடும். கிட்டே போகப் போக அது கண்ணில் கலங்கி, ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடும். மூன்றாவது, இடம். கணவாய்க் காற்று மலைச்சரிவில் மோதி மேலே எழும். பருந்து சிறகடிக்காமல் அதில் ஏறும். காற்றாலைக்காரர் தேடுவதும் அதே காற்றைத்தான்.

மதுரை, கல்லூரி மாணவி: வருடத்துக்கு எத்தனை பறவை சாகிறது? ப்ராஜெக்டுக்கு ஒரு எண் வேண்டும்.

ஒரு எண் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். இரவு விழுந்த பறவையை விடிவதற்குள் நாயோ நரியோ தூக்கிப் போய்விடும். காலையில் நாம் போனால் நாலு இறகு. புல் வளர்ந்திருந்தால் அதுவும் கண்ணில் படாது. அதனால் முதலில் நாமே செத்த கோழிக் குஞ்சுகளைப் போட்டு, எத்தனை நாளில் காணாமல் போகிறது, தேடுகிறவர் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். அதை வைத்துத்தான் கணக்கைத் திருத்த முடியும். அமெரிக்காவில் அப்படித் திருத்தி 2013-இல் வந்த மதிப்பீடு வருடத்துக்கு 1,40,000 முதல் 3,28,000 வரை. அதை அப்படியே திருநெல்வேலிக்குப் பொருத்திவிடாதீர்கள்.

இன்னொன்று: செத்த பறவையைப் பார்த்தால் தொடாதீர்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கயத்தாறு, பராமரிப்புப் பொறியாளர்: அதே 2013-இல் அமெரிக்காவில் பூனைகள் கொல்வது குறைந்தது 130 கோடிப் பறவை என்றும் வந்தது. அதைச் சொல்ல ஏன் மறந்தீர்கள்?

மறக்கவில்லை சார், நீங்கள் வருவீர்கள் என்று தெரியும். பூனை பிடிப்பது சிட்டும் தவிட்டுக் குருவியும். ஒரு வருடத்தில் பல குஞ்சு பொரிக்கும் இனங்கள். பிணந்தின்னிக் கழுகு வருடத்துக்கு ஒரு முட்டை, வயதுக்கு வரவே நாலைந்து வருடம். கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் பேச்சு கிளம்பியது பொன்னிறக் கழுகுகளால்தான், சிட்டுகளால் இல்லை. எந்தப் பூனை கழுகைப் பிடித்தது?

மீண்டும் கயத்தாறு: அதற்காக ஆடிக் காற்றில் மெஷினை நிறுத்தச் சொல்கிறீர்களா? எங்கள் வருமானமே அந்த நாலு மாதம்தான்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்பெயினில் தரீபா பக்கம் ஆள் நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். பிணந்தின்னிக் கழுகு நெருங்கினால் அந்த ஒரு காற்றாலையை மட்டும் சில நிமிடம் நிறுத்துகிறார்கள். கழுகுச் சாவு பாதியாகக் குறைந்தது, மின்உற்பத்தியில் இழப்பு 0.07 சதவீதம். நம் ஊரில் இன்னும் வசதி. பூனைப்பருந்து என்ற ஒரு வகைப் பருந்துகள் வலசை வந்து தங்குவது அக்டோபர் முதல் மார்ச் வரை. உங்கள் காற்று மே முதல் செப்டம்பர். நிறுத்தினால் நட்டம் குறைந்த மாதங்களில்தான் அவை இங்கே இருக்கின்றன. ஆனால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து நாரைகளுக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அவற்றின் கூடு கட்டும் காலம் உங்கள் காற்றுக் காலத்துக்குள் நீள்கிறது.

கோவை: குறுக்கே வருகிறேன். ஒரு இறக்கைக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தால் போதுமாமே?

நார்வேயில் ஸ்மோலா தீவில் செய்தார்கள். மூன்றில் ஒரு இறக்கைக்குக் கறுப்பு. சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் பெயிண்ட் அடித்தது நாலே நாலு காற்றாலைக்கு. நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான். நம் வெயிலில் கறுப்பு இறக்கை எவ்வளவு சூடேறும் என்பதைக் கயத்தாறு சார் சொல்லட்டும்.

கயத்தாறு: சூடு ஏறும், சமநிலையும் பார்க்க வேண்டும். அது இருக்கட்டும், மின்கம்பியை ஏன் யாரும் பேசுவதில்லை? எங்கள் பக்கம் மயில் சாவது இறக்கையில் இல்லை, லைனில்.

இதில் நான் உங்கள் கட்சி. காத்தாடி கண்ணுக்குத் தெரிவதால் திட்டு வாங்குகிறது; அதிலிருந்து கிளம்பும் கம்பி தெரியாததால் தப்பிக்கிறது. ராஜஸ்தானில் கானமயில் (பெயரில்தான் மயில், இது வேறு பெரிய பறவை) இருநூறுகூட மிச்சமில்லை. கனத்த உடம்பு, சட்டென்று திரும்ப வராது, முன்பார்வையும் குறைவு. ஜெய்சல்மேர் பக்கம் சூரிய, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பியில்தான் மோதுகிறது. கம்பியைப் புதைக்கச் சொல்லி 2021-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-இல் அதைத் தளர்த்தியது. பறவை கண்டு விலகும்படி கம்பியில் பளபளப்பான தகடு தொங்கவிடலாம், புதைக்கிற அளவுக்குக் காசு ஆகாது. உங்கள் லைனில் தொங்குகிறதா சார்?

(பதில் இன்னும் வரவில்லை.)

மன்னார்: எங்கட தீவில ஏற்கெனவே 30 காற்றாலை. இன்னும் வந்தால் பூநாரைகள் என்னாகும்?

உங்கள் கவலை நியாயமானது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் இருக்கிறீர்கள். வங்காலை சதுப்பு நிலம் பக்கத்திலேயே. ஒடுங்கிய தீவு, அதனால் பறவைகள் ஒதுங்கிப் போக இடமில்லை. அங்கே புதிய காற்றாலைகள் கட்ட இருந்த அதானி நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. யார் கட்டினாலும் கேட்க வேண்டியது எண்ணிக்கையை இல்லை, எந்த வரிசையில், தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை.

சேலம்: பறவை சாகாவிட்டால் பிரச்சினை இல்லைதானே?

மகாராஷ்டிரத்தில் சதாரா பக்கம் சால்கேவாடி மேட்டில் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். காற்றாலை உள்ள இடத்தில் வேட்டைப் பறவைகள் மிகக் குறைவு, அதனால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகிவிட்டன. பயம் விட்டுப்போய், மனிதன் கிட்டே போனாலும் தாமதமாகத்தான் ஓடின. 2018-இல் வந்த ஆய்வு. பறவை சாகவில்லை, இடத்தை விட்டுப் போய்விட்டது. அது யார் கணக்கில் வரும்?

இப்போது அந்தப் பாதிப் பேர்: காத்தாடி மேகத்தை விரட்டி மழையைக் கெடுக்கிறதா?

இல்லை. ராதாபுரம் வறண்டது மலை மேகத்தைக் கேரளப் பக்கமே பிழிந்துவிடுவதால். காத்தாடி வருவதற்கு முன்பும் அப்படித்தான். அடுத்த முறையும் இதைக் கேட்டால் பதில் எழுத மாட்டேன்.

தென்காசி: வௌவால்?

அதுவும் சாகிறது. மெல்லிய காற்றுள்ள இரவுகளில்தான் அதிகம். அந்த நேரம் சுற்றவிடாமல் வைத்தாலே பெருமளவு குறையும்.

பணகுடி: அண்ணாச்சி, நேற்று ஒரு கருடன் விழுந்து கிடந்தது. பாவமாக இருந்தது. துணியில் சுற்றி எடுத்துவந்து கிணற்றடியில் புதைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டேன். சரிதானே?

மனசு சரி, செய்தது சரியில்லை. மேலே சொல்லியிருக்கிறேனே! சரி, போகட்டும். வனத்துறைக்கு இன்றே சொல்லிவிடுங்கள். அப்புறம், அந்தக் கோபுரத்தின் கதவுக்கு மேலே ஒரு எண் எழுதியிருக்கும். சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் அதை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.