பத்து வயது மகனோடு டஸ்கனி போகிறோம், அறிவியல் மியூசியங்களுக்கு நாள் ஒதுக்குவது வீணா?

கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். கையில் ஐந்து நாள், புளோரன்ஸும் பீசாவும், கூடவே பத்து வயதுப் பையன். ஓவியங்களாகப் பார்த்தால் அவனுக்குச் சலித்துவிடும். அந்தப் பக்கம் அறிவியல், இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் இருக்கின்றனவா, அவ்வளவு தூரம் போய் அவற்றைப் பார்ப்பது வீண் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீண் இல்லை. ஐந்தில் இரண்டு நாளை அவற்றுக்கென்றே எடுத்து வையுங்கள்.

"இவ்வளவு செலவழித்து இத்தாலி போய் எலும்புக்கூடு பார்க்கவா?" என்று உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் கேட்டிருப்பார். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் கேட்டவர் என் கணவர். இப்போது அவரே அடுத்தவர்களுக்கு இந்த இடங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் 31 வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். முதல் தடவை 2017இல் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனோம். பீசாவில் ஐம்பது நிமிடம் கொடுத்தார்கள், சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் எல்லோரும் படம் எடுத்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. புளோரன்ஸுக்கு ஒரே ஒரு மதியம். ஆர்னோ ஆற்றங்கரையில் நடந்து வரும்போது ஒரு கட்டடத்தின் முன்னால் உயரமான தூணும், அதன் நிழல் விழும்படி தரையில் பதித்த கோடுகளுமாகப் பெரிய சூரியக் கடிகாரம் ஒன்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் கலிலியோ மியூசியம். கால் மணி நேரம் கேட்டேன். பஸ் கிளம்புகிறது என்றார்கள். இன்னொரு தடவை வர வாய்க்குமா என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்? ஹோட்டலுக்குத் திரும்பும்வரை நான் யாரோடும் பேசவில்லை.

வாய்த்தது. மகளுக்குப் பீசாவில் ஆராய்ச்சி வேலை கிடைத்து, 2024 அக்டோபரில் மூன்று வாரம் அவளோடு இருந்தோம். பேரனுக்கு அப்போது எட்டு வயது. நான் சொல்லப்போவது அந்த மூன்று வாரத்துக் கதை.

கலிலியோ மியூசியத்திலிருந்தே தொடங்குகிறேன். உஃபிசி ஓவியக் கூடத்துக்குப் பின்பக்கம், ஆற்றைப் பார்த்த காஸ்தெல்லானி மாளிகையில் இருக்கிறது. கலிலியோ செய்த தொலைநோக்கிகளில் இன்று மிஞ்சியவை இரண்டே இரண்டு, இரண்டும் இங்கேதான். ஆனால் நான் அசையாமல் நின்றது அவற்றுக்கு முன்னால் அல்ல. 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களை அவருக்குக் காட்டிய தொலைநோக்கியின் முன்வில்லை அங்கே இருக்கிறது. நாலு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு வட்டக் கண்ணாடி. அதுவும் உடைந்தது. குறுக்கே விரிசல் ஓடுவது கண்ணுக்கே தெரிகிறது. அந்த உடைந்த சில்லை அன்று புளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பம் தூக்கிப் போடவில்லை. வித்தோரியோ க்ரோஸ்தென் என்ற தந்தச் சிற்பியிடம் கொடுத்து, 1677இல் அதற்கென்றே நுணுக்கமாகச் செதுக்கிய தந்தச் சட்டம் செய்து, அதன் நடுவில் பதித்து வைத்தார்கள். பார்க்க நம் வீட்டுச் சாமி படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் இருக்கும்.

இன்னொன்று. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ பெருகி புளோரன்ஸ் நகரத்தையே மூழ்கடித்தது. ஆற்றை ஒட்டிய இந்தக் கட்டடத்துக்குள்ளும் வெள்ளம் வந்துவிட்டது. அப்போது இயக்குநராக இருந்தவர் மரியா லூயிசா ரிகினி பொனெல்லி. அந்த அம்மையார் கலிலியோவின் தொலைநோக்கி உட்படப் பல கருவிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, மேல்மாடியின் வெளிச்சுவர் விளிம்பிலேயே நடந்து, பக்கத்து உஃபிசி கட்டடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கீழே சேறும் எண்ணெயும் கலந்த வெள்ளம் ஓடுகிறது. அந்த விளிம்பு எது என்று தெரியாமல், வெளியே வந்து சுவரை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் துறையிலும் ஒரு சின்ன மியூசியம் இருந்தது. ஒரே அறை, நான்கு மர அலமாரி. ஒவ்வொரு வருடமும் மாணவர்களை ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊருக்குக் கூட்டிப்போய், குருசடைத் தீவில் சேகரித்தவற்றை ஃபார்மலின் ஜாடியில் போட்டு அடுக்கியிருந்தோம். பலனோகிளாசஸ் என்ற புழுப் போன்ற கடல் உயிரியின் ஜாடி ஒன்று நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தது. எங்கள் லேப் அட்டெண்டர் இந்திய மையில் தன் கையால் எழுதிய லேபிள், எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ஆய்வுக் குழு வருகிறது, அந்த அறையை ஸ்மார்ட் வகுப்பறை ஆக்க வேண்டும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை குட்டி யானை வண்டி வந்தது. திங்கட்கிழமை நான் போனபோது அறை காலி. ஃபார்மலின் நெடி மட்டும் மூக்கை அரித்தது. வாசற்படியில் ஒரு ஜாடியின் மூடி கிடந்தது.

முன்கூட்டியே எனக்குத் தெரியும் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. வெள்ளிக்கிழமையே சொன்னார்கள். ஒரே ஒரு ஜாடியையாவது பையில் வைத்து எடுத்து வந்திருக்கலாம். கல்லூரிச் சொத்தாயிற்றே என்று வந்துவிட்டேன். தந்தச் சட்டத்துக்குள் இருந்த அந்த உடைந்த கண்ணாடியைப் பார்த்தபோது கண் கலங்கியதற்கு இதுதான் காரணம். பேரன், "ஏன் ஆச்சி அழுறீங்க?" என்று கேட்டான். அவனிடம் அப்போது பதில் சொல்ல முடியவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். அந்த மியூசியத்தில் அவனுக்குப் பிடிக்கப்போவது கண்ணாடித் தவளை. 1657 முதல் 1667 வரை புளோரன்ஸில் இயங்கிய சிமெந்தோ அகாதெமி என்ற அறிவியல் கழகத்தின் காலத்துத் தெர்மாமீட்டர் அது. குட்டித் தவளை வடிவக் குப்பி, உள்ளே ஸ்பிரிட், அதில் மிதக்கும் வண்ணக் கண்ணாடி மணிகள். ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு அடர்த்தி. காய்ச்சல்காரரின் உடம்பில் கட்டிவிட்டால், சூட்டில் ஸ்பிரிட் விரிந்து அடர்த்தி குறைய, மணிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். எத்தனை மணி இறங்கியது என்பதுதான் காய்ச்சலின் அளவு. எங்கள் பேரன் அன்று முழுக்க எல்லோர் கையிலும் அந்தத் தவளையைக் கட்டுவதாகவே விளையாடினான். கலிலியோவின் நடுவிரலும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. 1737இல் அவர் உடலைச் சாந்தா க்ரோச்சே தேவாலயத்துக்குள் கொண்டுபோகும்போது எடுத்தது. பையன்கள் அதை விடமாட்டார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், பித்தி அரண்மனையைத் தாண்டினால் லா ஸ்பெகோலா. டஸ்கனியை ஆண்ட பெருங்கோமகன் பியேத்ரோ லியோபோல்தோ 1775இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இயற்கை வரலாற்று மியூசியம். சில வருடம் பழுதுபார்ப்புக்காக மூடிக் கிடந்து, நாங்கள் போன 2024இல்தான் மறுபடி திறந்திருந்தார்கள். முதலில் பாடம் செய்த விலங்குகள். பித்தி அரண்மனையின் போபோலி தோட்டத்தில் வளர்ந்ததாகச் சொல்லப்படும் நீர்யானையும் அவற்றில் ஒன்று. அப்புறம் மெழுகு உடல்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்து முடிவெடுங்கள்.

மருத்துவம் படிப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் பிணத்தை அறுக்காமலே உடலைக் கற்கட்டும் என்று, ஃபெலிச்சே ஃபொந்தானாவின் பொறுப்பில் 18ஆம் நூற்றாண்டில் இங்கேயே பட்டறை போட்டுச் செய்தவை அவை. அறுத்த உறுப்பைப் பார்த்து அச்சு எடுத்து, நிறம் சேர்த்த மெழுகை அதில் ஊற்றி, ஒவ்வொன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். கிளெமெந்தே சூசினி என்பவரின் கை அதில் பெரிய கை. அவர் காலத்து உடல் ஒன்றில் நிணநீர் நாளங்களைப் பார்த்தேன். தோலுக்கடியில் சிலந்தி வலைபோல ஓடுகின்றன, மெழுகில் தோய்த்த நூலிழைகள். 31 வருடம் கரும்பலகையில் சாக்பீஸால் நான் வரைந்ததை யாரோ இருநூறு வருடத்துக்கு முன்பே இவ்வளவு பொறுமையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப் இவற்றைப் பார்த்துவிட்டுத் தன் படை மருத்துவர்கள் படிக்க வியன்னாவுக்கு ஒரு முழுத் தொகுதியே செய்து வாங்கிக்கொண்டார்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் சம்பந்தியே பிற்பாடு வருத்தப்பட்டார். என் பதில் இதுதான்: நான் அவனைத் திடுதிப்பென்று உள்ளே கூட்டிப்போகவில்லை. எல்லாம் மெழுகு, யாருக்கும் வலிக்கவில்லை, டாக்டர்கள் படிப்பதற்காகச் செய்தது என்று வெளியிலேயே உட்கார்ந்து சொன்னேன். முத்துமாலை போட்டுப் படுத்திருக்கும் பெண்ணுருவத்தைப் பார்த்து, "இவங்களுக்கு உள்ள இருக்கிறதெல்லாம் எனக்கும் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். உங்கள் பையன் பயந்த சுபாவம் என்றால் விலங்குகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லா ஸ்பெகோலா புளோரன்ஸ் பல்கலைக்கழக மியூசியத்தின் ஒரு பிரிவு. நேரம் மிஞ்சினால், அதே மியூசியத்தின் மானுடவியல் பிரிவு ஊருக்கு நடுவில் நொன்ஃபினீத்தோ மாளிகையில் இருக்கிறது. 1869இல் அதைத் தொடங்கிய பாவோலோ மாந்தெகாத்சா, 1880களின் தொடக்கத்தில் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பற்றி ஆய்வு செய்துவிட்டுப் போனவர். எங்களுக்கு அன்று உள்ளே போக நேரம் போதவில்லை.

எல்லாவற்றையும்விட நான் அடித்துச் சொல்வது கால்ச்சி. பீசாவுக்குக் கிழக்கே பத்து கிலோமீட்டர் இருக்கும், டவுன் பஸ் போகிறது. ஆலிவ் மரங்கள் நிறைந்த குன்றின் அடிவாரத்தில், 1366இல் தொடங்கிய கார்த்தூசியத் துறவிகளின் மடம். அதன் ஒரு பகுதியில்தான் பீசா பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று மியூசியம் இருக்கிறது. மியூசியத்தின் வேர் 1591 வரை போகிறது. மேலே ஏறினால் ஏறக்குறைய நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரே கூடம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே மலை. உள்ளே கண்ணுக்கு எட்டிய மட்டும் திமிங்கில எலும்புக்கூடுகள். நீலத் திமிங்கிலமும் உண்டு.

எழும்பூர் மியூசியத்திலும் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வருடா வருடம் என் மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன், அதன்மேல் எனக்குப் பாசம் அதிகம். வெளிநாடு என்றால் எல்லாம் உசத்தி என்று நான் எழுதுவதாகத் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. சின்னதும் பெரியதுமாக இனத்துக்கு இனம் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருப்பதால், ஒன்றின் தாடையைப் பார்த்த கண்ணோடு அடுத்ததன் தாடையைப் பார்க்கலாம். பல் உள்ளது, பல் இல்லாதது என்று பேரனே பிரிக்கத் தொடங்கிவிட்டான். ஒரு துடுப்பெலும்பின் முன்னால் நின்று அவன் கையை நீட்டச் சொன்னேன். தோள் எலும்பு, மேற்கை ஒன்று, முன்கை இரண்டு, மணிக்கட்டு, அப்புறம் விரல்கள். நமக்குக் கட்டைவிரல் தவிர ஒரு விரலில் மூன்று கணு. திமிங்கிலத்துக்கு அதைவிட நிறைய. அவன் தன் விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டு, "அதுக்கும் கை இருந்துச்சா ஆச்சி?" என்றான். பரிணாமத்தை எத்தனையோ பேருக்கு நடத்தியிருக்கிறேன், இந்தக் கேள்வி இவ்வளவு சுலபமாக யாரிடமிருந்தும் வந்ததில்லை.

சியெனாவுக்குப் போவதாக இருந்தால் ஃபிசியோக்ரிதிச்சி அகாதெமியின் மியூசியத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். 1691இல் தொடங்கிய கழகம். நாங்கள் போனபோது கட்டணம் இல்லை, எங்களைத் தவிர ஆளும் இல்லை. விஷக் காளானையும் தின்னும் காளானையும் ஜனங்கள் பிரித்தறியட்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஃபிரான்செஸ்கோ வலெந்தி செரீனி சுடுமண்ணில் செய்து வண்ணம் பூசிய காளான்கள், அலமாரி அலமாரியாக. 1794இல் சியெனா பக்கம் விழுந்த விண்கற்களின் துண்டுகளும் உண்டு. வெசூவியஸ் எரிமலை குமுறி ஒரு நாள்கூட ஆகாமல் வானத்திலிருந்து கல் விழுந்ததால், எரிமலைக் கல்லா வானத்துக் கல்லா என்று அன்று பெரிய வாதமே நடந்தது.

உஃபிசியைத் தவிர்க்கச் சொல்லவில்லை, அதையும் பாருங்கள். கிழமையையும் நேரத்தையும் மட்டும் கிளம்புவதற்கு முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்கள் திங்கள் மூடியிருக்கும், சில இடங்கள் மதியத்தோடு சாத்திவிடும். கால்ச்சிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், திரும்பும் பஸ் அடிக்கடி கிடையாது. அந்த நீளக் கூடத்தில் துடுப்புக்குப் பக்கத்தில் உங்கள் மகனையும் கையை நீட்டச் சொல்லுங்கள். அவன் என்ன கேட்கிறானோ அதை இங்கே கீழே எழுதுங்கள், தெரிந்த வரைக்கும் பதில் சொல்கிறேன்.