மூன்று முறை மருந்தடித்தும் சாகாத முட்டைக்கோஸ் புழு

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் முட்டைக்கோஸ் நட்டு 25 நாள் ஆகிறது. இலையில் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் பொட்டுப் பொட்டாக இருக்கிறது. செடியைத் தட்டினால் சாம்பல் நிறச் சிறு பூச்சிகள் பறக்கின்றன. ஒரே மருந்தை மூன்று முறை அடித்தும் புழு அடங்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இது வைரமுதுகு அந்துப்பூச்சி. நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். இறக்கையை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது முதுகில் வெளிறிய வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு விளையும் நாடெல்லாம் இது உண்டு. கடுகுக் குடும்பத்தை விட்டு வேறு பயிருக்குப் போகாது. பக்கத்து வயல் தக்காளியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

புழு வெளிர் பச்சை, இரு முனையும் கூர்மை. தொட்டால் துடித்து, நூல் விட்டுத் தொங்கும். பிறந்த புழு இலைக்குள் புகுந்து சுரண்டும். பிறகு அடிப்பக்கம் வந்து, மேல்தோலை மட்டும் விட்டுவிட்டுத் தின்னும். நீங்கள் பார்த்த கண்ணாடிப் பொட்டு அதுதான். மேலாக அடித்த மருந்து அதன் வாய்க்கே போயிருக்காது. அதோடு மருந்துக்குப் பழகுவதில் இது பேர்போன பூச்சி: 1953லேயே ஜாவாவில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லிக்கு அசையாமல் நின்றது.

அதனால் அதே மருந்தை நான்காம் முறை அடிக்காதீர்கள். செடிக்கு இரண்டு புழு இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். கோஸ் இலை மெழுகு பூசியதுபோல் இருக்கும். ஒட்டும் திரவம் சேர்க்காவிட்டால் உருண்டு ஓடிவிடும். நாசிலைக் கீழிருந்து மேலாகப் பிடியுங்கள். புழு தின்பதை நிறுத்தும். சாக இரண்டு மூன்று நாளாகும், அவசரப்படாதீர்கள். அடுத்த முறை 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல்: 200 லிட்டருக்கு 10 கிலோ பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். அதற்கும் மிஞ்சினால் மட்டும் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்ற ரசாயனத் திரவ மருந்து, ஏக்கருக்கு 20 மில்லி. முன்பு அடித்ததும் இதுவேயானால் வேறு வகை மருந்துக்கு மாறுங்கள்.

அடிப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். வலைபோன்ற கூட்டுக்குள் கூட்டுப்புழு தெரிந்தால் அது பகை. உள்ளே எதுவும் தெரியாத, அரிசிக் குருணை போன்ற வெள்ளைக் கூடு நன்மை செய்யும் குளவியுடையது. அது நிறைய இருந்தால் கடும் மருந்தைத் தொடவே வேண்டாம்.

அடுத்த நடவில், பூச்சியைத் தன்பக்கம் இழுக்கும் பொறிப் பயிராக 25 வரிசை கோஸுக்கு இருபுறமும் கடுகு போடுங்கள்: ஒரு வரிசை நடவுக்கு 15 நாள் முன்பு, மற்றொன்று நட்ட 25ஆம் நாள். கடுகுக்கும் மருந்தடிக்க வேண்டும். மறந்தால் அங்கேயே பெருகி கோஸுக்கு வந்துவிடும்.