ஸ்வேதாவும் ஸ்வெத்லானாவும்

வணக்கம் ஐயா. பிறந்திருக்கும் பெண் குழந்தைக்கு ‘ஸ்வெத்லானா’ என்று பெயர் வைக்கலாம் என்றிருக்கிறோம். நம் ‘ஸ்வேதா’தான் வேதகாலத்தில் ரஷ்யாவுக்குப் போய் அப்படி ஆனது என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா? தமிழில் ‘ஸ்வெட்லானா’ என்று எழுதுவதா, ‘ஸ்வெத்லானா’ என்றா?
– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உறவினர் சொன்னதில் பாதி சரி. ரஷ்யத்தில் ‘ஸ்வெத்’ என்றால் ஒளி. சமஸ்கிருத ‘ஸ்வேத’ வெண்மை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஓசை ஒத்துப்போவதை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நூறு என்பதற்கு அங்கே ‘ஸ்தோ’, இங்கே ‘சத’. சமஸ்கிருதத்தின் அந்தச் சகரம் வருகிற இடத்தில் ரஷ்யத்தில் ‘ஸ்’ வருவது ஒழுங்காக நிகழ்வது. ஆனால் இவை அக்கா தங்கை உறவு. ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை.

பெயரோ வேதகாலத்துக்குப் பக்கத்தில்கூட வராது. 1802-இல் அலெக்சாந்தர் வஸ்தோகவ் என்ற கவிஞர் தன் கதைப்பாடல் ஒன்றின் நாயகிக்கு இதை வைத்தார். அவரே ஜெர்மன் வம்சாவளி. ‘ஆஸ்டெனெக்’ என்ற குடும்பப் பெயரை, கிழக்கு என்று பொருள்படும் ‘வஸ்தோக்’கைக் கொண்டு ரஷ்யமாக்கிக்கொண்டவர். பழைய ஸ்லாவியப் பெயர்போல ஒலிக்கும் பெயரைச் செய்ய அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்! 1813-இல் வெளியான, கவிஞர் ஷுகோவ்ஸ்கியின் ‘ஸ்வெத்லானா’ என்ற கதைப்பாடல்தான் பெயரை வீடுவீடாகக் கொண்டுபோனது. ஞானஸ்நானத் திருநாளுக்கு முந்தைய இரவில், வரப்போகும் மாப்பிள்ளையைக் காண மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணாடி முன் உட்காரும் பெண்ணின் கதை அது.

எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் அன்று பிள்ளைக்கு வைக்க முடியவில்லை. புனிதர் பட்டியலில் இல்லாத பெயரால் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஞானஸ்நானம் தராது. அதனால் கப்பல்களுக்கு வைத்தார்கள். ‘ஸ்வெத்லானா’ என்ற போர்க்கப்பல் 1905-இல் ஜப்பானுடன் நடந்த சுஷிமா கடற்போரில் மூழ்கியது. புரட்சிக்குப் பின் பிறப்புப் பதிவு அரசிடம் வந்தபிறகே பெயர் பரவியது. சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கு 1926-இல் பிறந்த மகளின் பெயர் ஸ்வெத்லானா. இன்றும் கோயிலில் இவர்களுக்கு ‘ஃபோதினியா’ என்று பெயரிடுவது வழக்கம். ஒளி என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த புனிதையின் பெயர் அது. அவர் திருநாள் ஏப்ரல் 2.

ஒரு எச்சரிக்கை. பெலாரசிய மொழியில் இது ‘ஸ்வியத்லானா’ ஆகும். அதைப் பார்த்து ‘புனிதமானவள்’ என்று பொருள் எழுதுகிறார்கள். ‘ஸ்வியத்’ (புனிதம்) வேறு வேர். பெலாரசியத்தில் அழுத்தமில்லாத எகரம் அகரமாவதால் வந்த மயக்கம் இது.

எழுத்துக்கு வருவோம். ரஷ்ய ‘த’ நாக்கு மேல்பல்லைத் தொடும் ஒலி, நம் தகரம்போல. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பதால்தான் ‘ட்’ நுழைகிறது. ஆகவே ‘ஸ்வெத்லானா’ என்றே எழுதுங்கள். ‘ஷ்வெ’ என்று தொடங்க வேண்டாம். அழுத்தம் ‘லா’வில், கடைசி ‘னா’வை நீட்டாமல் விடுவார்கள்.

கூப்பிட நீளமாக இருக்கிறதே என்று தோன்றினால், ரஷ்யர்கள் வீட்டில் சுருக்கிக் கூப்பிடுவது ‘ஸ்வ்யேதா’ என்று. உங்கள் உறவினருக்கு மறுப்பிருக்காது.