மருத்துவப் பதிவுகளைப் பிளாக்செயினில் வைத்தால் நோயாளியின் அந்தரங்கம் காக்கப்படுமா?

இறுதியாண்டு புராஜெக்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனை மென்பொருள் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்கேன், லேப் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எதையும் செயினில் ஏற்றாதீர்கள். பிளாக்செயின் என்பது பல கணினிகளில் நகல்களாக இருக்கும் ஒரு பதிவேடு; அதில் ஏற்றியதை அழிக்க முடியாது. என்கிரிப்ட் செய்துதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான் ஏற்றினோம் என்றாலும், பத்து வருடம் கழித்துச் சாவி வெளியே போனால் அத்தனை நகல்களும் திறந்துகொள்ளும்.

எஸ்டோனியாவைப் பாருங்கள். 2008 முதல் அங்கே நாடு முழுவதற்கும் ஒரே மருத்துவத் தகவல் அமைப்பு இருக்கிறது. 2016-ல் கார்ட்டைம் நிறுவனத்தின் கேஎஸ்ஐ என்ற பிளாக்செயினை அதனுடன் இணைக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். பதிவுகளே செயினில் இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. பதிவுகள் வழக்கமான டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. செயினுக்குப் போவது அவற்றின் ஹாஷ், அதாவது பதிவிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற ஒரு குறியீடு; அதை வைத்துப் பதிவைத் திரும்பக் கணக்கிட முடியாது. மருந்துச் சீட்டில் 5 மி.கி. என்பதை யாரோ 50 என்று மாற்றினால் ஹாஷ் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். திருத்தம் நடந்தது அம்பலமாகும். யார் எப்போது பதிவைத் திறந்தார் என்ற லாகையும் இப்படியே காக்கலாம். எஸ்டோனியர்கள் தங்கள் பதிவை யார் பார்த்தார் என்று இணையத்திலேயே பார்க்கலாம், வேண்டுமென்றால் மூடியும் வைக்கலாம். நோயாளிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

ஹாஷிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ரத்த வகையை மட்டும் ஹாஷ் செய்து போட்டால், இருப்பதே எட்டு வகை. எட்டுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். எச்ஐவி முடிவென்றால் இரண்டே விடை! அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக ஒரு நீண்ட ரேண்டம் எண்ணை, அதாவது சால்ட்டை, சேர்த்து ஹாஷ் செய்யுங்கள். சால்ட் மருத்துவமனையிலேயே இருக்கட்டும். நோயாளி கேட்டுப் பதிவை அழிக்கும்போது அதையும் அழித்துவிட்டால், செயினில் மிஞ்சும் ஹாஷை வைத்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 17-ஆம் பிரிவு தரும் அழிப்பு உரிமையோடு ஒத்துப்போக இது பெரிதும் உதவும்.

அப்புறம், லாகின் (உள்நுழைவு) விஷயம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வார்டு முழுவதும் ஒரே பாஸ்வேர்டு, மானிட்டர் ஓரத்தில் ஒட்டியே வைத்திருந்தார்கள். அங்கே பிளாக்செயின் வைத்தால், யார் திறந்தாலும் ஒரே பெயரைத்தான் அது அழியாமல் பதிந்து வைக்கும். ஆளுக்கொரு லாகின் இல்லாத இடத்தில் இந்த முதலீடு வீண்.

நம் நாட்டின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனையும் படியுங்கள். பிளாக்செயினை அடித்தளமாக வைக்காமலே, பதிவு உருவான இடத்திலேயே இருக்க, நோயாளியின் சம்மதத்தோடு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பகிரும் ஏற்பாடு அது. உங்கள் புராஜெக்டில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அந்தச் சம்மதம்தான். நினைவில்லாமல் கொண்டுவரப்படும் நோயாளிக்காக அவசரத் திறப்பு வேண்டும். திறந்தவர் பெயரும் காரணமும் உடனே பதிவாகி, நோயாளி கண் விழித்ததும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.